டோட்டல் வந்துவிட்டது என்பதால் கணக்கு சரியாகிவிடாது

மறுபடியும் அதே பிழை. வருஷக் கணக்கை முடிக்க என்னிடம் வந்த எக்செல் விற்பனை ஷீட்டின் டோட்டலைவிட வங்கியில் விழுந்த பணம் அதிகம். முன்பணம் எதுவும் வாங்கவில்லை, பழைய பாக்கியும் இல்லை. அப்படியிருக்க, விற்றதைவிட வசூல் கூடுதலாக வர வழியே கிடையாது. ஷீட்டைத் திறந்தால், வேறொரு மென்பொருளிலிருந்து காப்பி செய்து ஒட்டிய சில டஜன் வரிசைகளில் தொகை எண்ணாக இல்லை, எழுத்தாக இருக்கிறது. கூட்டிக் காட்டும் சம் ஃபார்முலா அவற்றைத் தொடவே இல்லை. மாதக்கணக்கில் அந்தக் குறைந்த டோட்டலைப் பார்த்துத்தான் கொள்முதலும் கடனும் முடிவாகியிருக்கின்றன.

இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எக்செல்தானே கூட்டியது, அது எப்படித் தப்பாகும்?"

இந்த ஒரு நம்பிக்கையைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. எக்செல் உங்கள் வியாபாரத்தைக் கூட்டுவதில்லை. நீங்கள் காட்டிய செல்களுக்குள் (கட்டங்களுக்குள்), எது எண் என்று அதற்குப் படுகிறதோ அதை மட்டும் கூட்டுகிறது. எதை விட்டுவிட்டது என்று சொல்லாது. இருபது பில்லில் மூன்றை விட்டாலும், கீழே வரும் டோட்டல் அதே எழுத்தில், அதே கட்டத்தில், அதே அழகோடு நிற்கும். கூட்டலில் அது தவறாது, உண்மைதான். ஆனால் எதைக் கூட்டுவது என்பதில் தினம் தவறு நடக்கிறது. அதை அந்த மென்பொருள் கண்டுபிடிக்காது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"பிழைச் செய்தி எதுவும் வரவில்லையே" என்பார்கள். ஹேஷ் குறியோடு வரும் பிழைச் செய்தி நல்லது செய்கிறது. இங்கே கோளாறு இருக்கிறது என்று கத்திச் சொல்கிறது. அதைக்கூட, பிழைக்குப் பதில் நாம் சொன்னதைக் காட்டும் இஃப்எரர் ஃபார்முலா போட்டுப் பூஜ்யமாக மாற்றி வைக்கிறார்கள், பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். தயவுசெய்து வேண்டாம். விலை கிடைக்காத பொருளுக்குப் பூஜ்யம் விழுந்தால் டோட்டல் குறையும், யாருக்கும் தெரியாது.

பெரிய இடங்களிலும் இதேதான் நடந்திருக்கிறது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பின் தினசரி அறிக்கைகளில் 15,841 கொரோனா தொற்றுகள் விடுபட்டிருந்தது தெரியவந்தது. பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை, மிஞ்சியவை விழுந்துவிட்டன. ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010-ல் எழுதிய ஆய்வில், சராசரி எடுக்கும் ஃபார்முலா இருபது நாடுகளுக்குப் பதில் பதினைந்தோடு நின்றுவிட்டது. 2013-ல் ஒரு மாணவர் அவர்களுடைய ஷீட்டையே வாங்கிப் பார்த்த பிறகுதான் அது தெரிந்தது. இரண்டு இடத்திலும் ஃபார்முலா பிழை காட்டவில்லை, டோட்டல் வந்திருந்தது.

சரி, உங்கள் ஷீட்டில் எதெல்லாம் விடுபடும்?

முதலாவது, மேலே சொன்ன எழுத்தாகிப்போன எண். செல்லுக்குள் இடதுபக்கம் ஒட்டி நிற்கும், சில சமயம் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் இருக்கும். கண்ணால் தேடாதீர்கள். தொகை இருக்கும் நெடுவரிசைக்கு கவுண்ட் ஃபார்முலாவும் கவுண்ட்ஏ ஃபார்முலாவும் தலைப்பை விட்டுவிட்டுப் போடுங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். இரண்டும் ஒன்றாக வரவில்லை என்றால், வித்தியாசம் எத்தனையோ அத்தனை செல்கள் கூட்டலில் சேரவில்லை. சரிசெய்ய, நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் நேராக ஃபினிஷ் அழுத்தினால் பெரும்பாலானவை எண்ணாகிவிடும். அப்படியும் மாறாதவற்றில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதென்றால் அது சாதாரண இடைவெளி இல்லை. இடைவெளி நீக்கும் ட்ரிம் ஃபார்முலாவுக்கும் போகாது. அந்த இடைவெளியை மட்டும் காப்பி செய்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ஒட்டி, பதிலுக்கு ஒன்றும் எழுதாமல் ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள்.

இரண்டாவது, எல்லை போதாத ஃபார்முலா. டோட்டல் வரிசைக்கு நேர் மேலே புது வரிசை சேர்க்கும்போது ஃபார்முலாவின் எல்லை சில நேரம் தானே விரியும், சில நேரம் விரியாது. விரியும் என்று நம்பியிருப்பதுதான் ஆபத்து. பட்டியலுக்குள் ஒரு செல்லில் நின்று கண்ட்ரோலும் டி-யும் அழுத்தி அதை டேபிளாக மாற்றுங்கள். அதன் பிறகு டேபிளின் பெயரையும் நெடுவரிசையின் பெயரையும் வைத்து ஃபார்முலா எழுதினால், எத்தனை வரிசை சேர்த்தாலும் எல்லை கூடவே வளரும். சார்ட் செய்யும்போதும், அதாவது அடுக்கும்போதும், முழு வரிசை சேர்ந்து நகரும். இதைச் செய்யாமல், தொகை நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் கொடுத்து, எக்செல் எச்சரித்தும் கேட்காமல், ஒருவருடைய தொகையை இன்னொருவர் பெயருக்கு நேரே கொண்டுபோய் நிறுத்திய ஃபைல்கள் நிறைய. சேவ் செய்து மூடிவிட்டால் அதைப் பழையபடி அடுக்க வழியில்லை. டோட்டலோ மாறியிருக்காது, அதனால் சந்தேகமும் வராது.

மூன்றாவது, நடுவில் கிடக்கும் டோட்டல்கள். ஒவ்வொரு வாரமும் முடிந்ததும் ஒரு கூட்டல், மாதம் முடிந்ததும் இன்னொன்று, எல்லாம் ஒரே நெடுவரிசையில். யாராவது மொத்தத்தையும் இழுத்து சம் போட்டால் எல்லாம் இரண்டு மூன்று தடவை சேரும். ஃபில்டர் போட்டாலும் சம் மறைந்திருக்கும் வரிசைகளையும் சேர்த்தே கூட்டும். திரையில் தெரிவதை மட்டும் கூட்ட சப்டோட்டல் ஃபார்முலாவில் 109 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும்.

நடுவில் டோட்டல் வருவதற்குக் காரணம், எக்செல்லை நோட்டுப் புத்தகமாக நினைப்பது. மாதத்துக்கு ஒரு ஷீட், வாடிக்கையாளருக்கு ஒரு ஷீட், மேலே பல செல்களை மெர்ஜ் செய்து ஒன்றாக்கிய பெரிய தலைப்பு, இடையில் காலி வரிசைகள். காகிதத்தில் எழுதும் இடமும் படிக்கும் இடமும் ஒன்று. இங்கே அவை வேறு வேறாக இருக்க வேண்டும். எழுதும் ஷீட்டில் ஒரு நிகழ்வுக்கு ஒரு வரிசை, ஒரே ஒரு தலைப்பு வரிசை, காலி வரிசை கிடையாது, மெர்ஜ் கிடையாது, டோட்டல் கிடையாது. ஜனவரி விற்பனையும் டிசம்பர் விற்பனையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்துப் போகட்டும். பிரித்துக் காட்டும் வேலையைப் பிவட் டேபிள் நொடியில் செய்யும். பன்னிரண்டு ஷீட்டாக வைத்தால், ஐந்தாவதில் யாரோ ஒரு நெடுவரிசையைச் செருகியிருப்பார்கள், அதன் பிறகு எதுவும் எதனோடும் சேராது.

சின்னத் தொழிலுக்கு நான்கு பட்டியல் போதும். வாடிக்கையாளர் பட்டியல், பொருள் பட்டியல், விற்பனை, வசூல். விற்பனையில் தேதி, பில் எண், வாடிக்கையாளர் குறியீடு, பொருள் குறியீடு, அளவு, விலை, தொகை. வசூலைத் தனியாக வைக்கச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். விற்பனை வரிசையிலேயே "கட்டியாச்சு" என்று ஒரு நெடுவரிசை போதாதா என்கிறார்கள். வாடிக்கையாளர் பாதிப் பணம் மட்டும் கொடுக்கும் நாளில் அது உடைந்துவிடும். பிறகு அதே செல்லில் "பாதி வந்தது, மீதி அடுத்த வாரம்" என்று எழுதுவார்கள். அதை எந்த ஃபார்முலாவும் படிக்காது. வசூல் பட்டியலில் தேதி, பில் எண், தொகை என்று ஒவ்வொரு தவணையும் ஒரு வரிசையாக விழட்டும். பில் தொகையில் இருந்து, அந்தப் பில் எண்ணுக்கு வந்த வசூலை மட்டும் சம்இஃப்ஸ் ஃபார்முலாவால் கூட்டிக் கழித்தால் பாக்கி. அவ்வளவுதான்.

நிறத்தால் கணக்கு வைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பச்சை என்றால் வந்தது, சிவப்பு என்றால் பாக்கி என்பது உங்கள் மனதில் இருக்கிறது, ஷீட்டில் இல்லை. நிறத்தைப் பார்த்துக் கூட்டும் சாதாரண ஃபார்முலா எதுவும் எக்செல்லில் கிடையாது. நிலை என்று ஒரு நெடுவரிசை வைத்து அதில் சொல்லாக எழுதுங்கள்; நிறம் வேண்டுமென்றால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் அதைப் பார்த்துத் தானே பூசிக்கொள்ளும்.

தேதியில் வரும் சேதம் இன்னும் மோசம். நீங்கள் நாளை முதலில் எழுதுகிறீர்கள், கணினியின் அமைப்போ மாதம் முதலில் என்று இருக்கிறது. 05/04/2024 என்று அடித்தது ஏப்ரல் 5 ஆகாமல் மே 4 ஆகிவிடும். 25/04/2024 என்று அடித்தால் அப்படி ஒரு மாதம் இல்லாததால் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஆக, ஒவ்வொரு மாதத்திலும் முதல் பன்னிரண்டு நாட்களின் தேதிகளில் பெரும்பாலானவை இடம் மாறுகின்றன, மீதி நாட்கள் மாத அறிக்கையிலிருந்தே காணாமல் போகின்றன. சோதிக்க ஒரு சுலபமான வழி: தேதி நெடுவரிசையை ஒரு நிமிடம் ஜெனரல் வடிவத்துக்கு மாற்றுங்கள். உண்மையான தேதி ஐந்து இலக்க எண்ணாகத் தெரியும். 2024 ஜனவரி 1 என்றால் 45292. மாறாமல் நிற்பவை தேதி அல்ல. இனிமேல் 2024-04-05 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் அடித்தால் இந்தக் குழப்பமே வராது.

எண் போலத் தெரிந்தாலும் கூட்டவோ பெருக்கவோ தேவைப்படாத எதையும் எண்ணாக வைக்காதீர்கள். 00125 என்ற பில் எண் 125 ஆகிவிடும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், அதனால் 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், திரும்பி வராது. 3-12 என்ற பொருள் குறியீடு தேதியாகிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020-ல் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே மாற்ற வேண்டிவந்தது. அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போனது போனதுதான். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பை) இரட்டை க்ளிக் செய்து திறக்காதீர்கள். டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, எந்த நெடுவரிசை எழுத்து என்று நீங்களே சொல்லுங்கள்.

விலையைத் தேடி எடுக்க விலுக்அப் போடுகிறவர்கள் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் எழுத மறக்கக் கூடாது. அதை விட்டுவிட்டால் "ஏறக்குறைய பொருந்துவது போதும்" என்று அது எடுத்துக்கொள்ளும். அகர வரிசையில் இல்லாத பட்டியலில் வேறொரு பொருளின் விலையை எடுத்துவந்து, கொஞ்சமும் தயங்காமல் வைத்துவிடும். புதிய பதிப்புகளில் உள்ள எக்ஸ்லுக்அப், நீங்கள் வேறு மாதிரி சொல்லாதவரை, சரியாகப் பொருந்துவதை மட்டுமே எடுக்கும். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இனி, நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. ஒவ்வொரு ஃபைலிலும் "சரிபார்ப்பு" என்று ஒரு ஷீட் சேருங்கள். அதில் நான்கு வரி. கவுண்ட்ஏயிலிருந்து கவுண்ட்டைக் கழித்தது. கடைசி பில் எண்ணிலிருந்து முதல் பில் எண்ணைக் கழித்து ஒன்று கூட்டினால் வருவதற்கும், பட்டியலில் உள்ள வெவ்வேறு பில்களின் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம். மொத்த விற்பனையில் மொத்த வசூல் போக மீதிக்கும், வாடிக்கையாளர் வாரியான பாக்கிகளின் கூட்டலுக்கும் உள்ள வித்தியாசம். வங்கி அறிக்கையின் இறுதி இருப்புக்கும் உங்கள் ஷீட் காட்டும் இருப்புக்கும் உள்ள வித்தியாசம். நான்கும் பூஜ்யமாக இருக்க வேண்டும். வங்கி வரியில் மட்டும், கொடுத்தும் இன்னும் பணமாகாத காசோலை போன்றவற்றால் வித்தியாசம் வரலாம். அப்போது அவற்றைப் பெயரோடு பக்கத்தில் எழுதிவையுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு பின்னமாக வந்தால் பயப்பட வேண்டாம், கணினி தசமங்களைச் சேமிக்கும் முறையால் வருவது. ரவுண்ட் ஃபார்முலாவில் இரண்டு தசமம் கொடுங்கள். தள்ளுபடியோ வரியோ கணக்கிடும் இடத்திலும் ரவுண்ட் போடுங்கள். திரையில் இரண்டு தசமம் தெரிகிறது என்பதற்காக உள்ளே இருப்பதும் அதுவே என்று ஆகாது. பில்லில் உள்ள ஒவ்வொரு வரிசையின் தொகையையும் கையால் கூட்டினால் ஒரு காசு இடிப்பது இதனால்தான்.

கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், சிங்க் ஆகிறது, அதனால் பேக்கப் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளைத் திரும்ப எடுக்கும் வசதி இருக்கிறதா, எத்தனை நாள் வரை எடுக்கலாம் என்று இன்றே பாருங்கள். வாரம் ஒரு நகலைத் தேதியைப் பெயராக வைத்து வேறொரு டிஸ்க்கில் போடுங்கள். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதுதான்" என்று மூன்று கோப்பு வைத்திருந்தால், மூன்றிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைத் திருத்தியிருப்பார்.

பிழை கண்டுபிடித்தால் பழைய எண்ணை அழித்துவிட்டு மேலேயே புதிதாக அடிக்க வேண்டாம். கழித்தல் குறியோடு ஒரு வரிசை, சரியான தொகையோடு ஒரு வரிசை, குறிப்பில் காரணம். கணக்கு பார்ப்பவரிடம் ஃபைல் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆகவோ திரையைப் படம் எடுத்தோ அனுப்பாதீர்கள். ஃபார்முலாவோடு மூல ஃபைலை அனுப்புங்கள், சரிபார்ப்பு ஷீட்டையும் சேர்த்து. அதில் ஏதாவது ஒரு வரி பூஜ்யமாகாமல் நின்றால் மறைக்காமல் அப்படியே அனுப்புங்கள். அந்த வரியிலிருந்துதான் வேலையைத் தொடங்குவோம்.