பாறைக்கும் வில்லங்கச் சான்றிதழ் உண்டு

காட்பாடிப் பக்கம் மனை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வில்லங்கச் சான்றிதழைத்தான். "முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள்" என்பார் பத்திர எழுத்தர். கிரயம், அடமானம், அடமான ரத்து, பாகப்பிரிவினை என்று அந்த நிலத்தின் மேல் நடந்த ஒவ்வொன்றும் தேதியோடு அதில் வந்துவிடும். நான் பார்க்கப் போன மனையில் எல்லைக்கல்லுக்கு இரண்டடி தள்ளி ஒரு பாறை தலை நீட்டிக்கொண்டிருந்தது. கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாய், பிசைந்து இழுத்த மாவைப் போல நெளிந்த பாறை. "வெடி வைத்து எடுத்துவிடலாம் சார், ஒரு நாள் வேலை" என்றார் தரகர்.

புவியியலில் அந்த வரிப் பாறைக்கு நைஸ் என்று பெயர். வியாபாரத்தில் இது, சார்னோகைட் என்ற இன்னொரு பாறை, அசல் கிரானைட் எல்லாமே கிரானைட்தான். நமக்கு எல்லாமே கருங்கல். பழைய வட ஆற்காட்டின் நைஸுக்கும் சார்னோகைட்டுக்கும் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். 16ஆம் நூற்றாண்டில் எழுந்த வேலூர்க் கோட்டையை நாம் பழையது என்கிறோம். கல்லின் கணக்கில் அது இன்று காலை கட்டி முடித்தது.

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "கார்பன் சோதனை செய்தார்களா?" என்பது. இல்லை. கார்பன் 14இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். ஐம்பதாயிரம் ஆண்டு தாண்டினால் அளக்க அதில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அதுவும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளாக இருக்க வேண்டும். திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960களில் அகழ்ந்தெடுத்த புதிய கற்காலக் குடியிருப்பின் கரித்துண்டுக்கு அது சரி. அந்த மனிதர்கள் கோடரி தீட்டிய கல்லுக்குச் சரிவராது. கல்லுக்கு இன்னும் மெதுவாக ஓடும் கடிகாரம் வேண்டும்.

அந்தக் கடிகாரம் யுரேனியம். யுரேனியம் 238 பதினான்கு படிகளில் சிதைந்து கடைசியில் ஈயம் 206 ஆக அடங்குகிறது; அரை ஆயுள் 447 கோடி ஆண்டுகள். அதன் தம்பி யுரேனியம் 235 ஈயம் 207 ஆகிறது. அரை ஆயுள் 70 கோடி ஆண்டுகள். எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கான அணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் வேகம் பிசகுவதில்லை. பாறை வெந்தாலும் நசுங்கினாலும் அந்த வேகம் மாறாது. 1907இல் போல்ட்வுட் என்ற அமெரிக்க வேதியியலாளர் இந்த ஈயத்தை எடைபோட்டே கனிமங்களுக்கு வயது சொன்னார். 1911இல் ஆர்தர் ஹோம்ஸ் அதே வேலையை இன்னும் கவனமாகச் செய்தபோது அவருக்கு வயது 21.

இனி, பதிவு எழுதி வைத்திருக்கும் புத்தகம். அதன் பெயர் சிர்க்கான். நகைக்கடையில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று விற்கும் சிர்க்கோனியா வேறு. அது சிர்க்கோனியம் ஆக்சைடு, ஆலையில் செய்தது. சிர்க்கான் என்பது சிர்க்கோனியம் சிலிகேட், பாறைக்குழம்பு உறையும்போது தானாக விளைவது. பெரும்பாலும் ரவைக் குருணையை விடச் சிறியது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நீளம். அது விளையும்போது சிர்க்கோனியம் உட்கார வேண்டிய இடத்தில் கொஞ்சம் யுரேனியத்தையும் உட்கார வைத்துக்கொள்ளும். ஈயத்தைச் சேர்க்காது, அந்தக் கட்டமைப்பில் ஈயத்துக்கு இடம் பொருந்தாது. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் வெளியிலிருந்து வந்ததல்ல, அங்கேயே பிறந்தது. இந்த ஒரு குணத்துக்காகவே சிர்க்கானைப் புவியியலாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நியாயமான கொண்டாட்டம்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 கோடி ஆண்டுக்கு முன் ஒரு சிர்க்கான் மணியில் யுரேனியம் 238 அணுக்கள் ஆயிரம் அடைபட்டன என்று வைத்துக்கொண்டால், இன்று 678 மிஞ்சியிருக்கும்; 322 ஈயமாகியிருக்கும். யுரேனியம் 235இலும் ஆயிரம் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 85 மட்டுமே. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள், இரண்டு வேகம். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். சொல்லாவிட்டால் நடுவில் எப்போதோ ஈயம் கசிந்திருக்கிறது. சிதைவின் அடி பட்டுப் பட்டுப் படிகமே தளர்ந்துபோவதுண்டு, அந்த வழியே கசியும். இந்தக் கசிவைக் கண்டுபிடித்து, கசிந்த பிறகும் பழைய வயதை மீட்க ஒரு வரைபட முறையை ஜார்ஜ் வெதரில் 1956இல் கொடுத்தார். ஏமாற்றிய கணக்குப் புத்தகத்தைக்கூட வாசிக்கலாம் என்பதுதான் அதன் அழகு.

மணிகளைப் பிரித்தெடுப்பது கிட்டத்தட்ட நம் வீட்டு வேலை. சில கிலோ பாறையை இடித்து, சலித்து, தண்ணீரில் அரித்தெடுப்பார்கள். அரிசியில் கல் அரிப்பதைப் போலத்தான்: குவார்ட்ஸைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு கனமான சிர்க்கான் அடியில் தங்கிவிடும். பிறகு காந்தம், கனத்த திரவம், கடைசியில் நுண்ணோக்கியின் கீழ் ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவது. பொறுக்கியதைப் பிசினில் பதித்துப் பாதி மணி தேயும்வரை மெருகிட்டு, எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் மணி மங்கலாக ஒளிரும். அப்போது தெரிகிறது விஷயம்: உள்ளே வெங்காயம் போல அடுக்கடுக்காக வளையங்கள். நடுவில் ஒரு கரு, அதைச் சுற்றிப் பிற்பாடு வளர்ந்த விளிம்பு.

இங்கேதான் வில்லங்கச் சான்றிதழ் நினைவுக்கு வருகிறது. கரு, பாறைக்குழம்பு முதலில் உறைந்த பதிவு. விளிம்பு, அந்தப் பாறை பூமியின் ஆழத்தில் புதைந்து வெந்து நைஸாகவோ சார்னோகைட்டாகவோ உருமாறிய பதிவு. மணியின் மேல் இருபது, முப்பது மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலப் புள்ளியில் அயனிக் கற்றையையோ லேசரையோ பாய்ச்சிக் கருவுக்குத் தனி வயது, விளிம்புக்குத் தனி வயது எடுக்கிறார்கள். வட தமிழகத்துப் பாறைகளில் இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரும்பாலும் சில கோடி ஆண்டுகளே. மணி முழுவதையும் கரைத்து அளந்தால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும்.

அப்படியானால் "இந்தப் பாறைக்கு என்ன வயது?" என்பதே அரைகுறைக் கேள்வி. எந்தக் கனிமத்தைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். சிர்க்கான் 900 டிகிரி செல்சியஸிலும் ஈயத்தை விடாது. அதே பாறையின் கருப்புக் காக்காப்பொன் சுமார் 300 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே தன் கடிகாரத்தைப் பூட்டிக்கொள்ளும். மறுபடி சூடேறினால் பழைய கணக்கு அழிந்து புதுக்கணக்கு தொடங்கும். ஒரே கல்லில் இரண்டு கனிமங்கள் கோடிக்கணக்கான ஆண்டு வித்தியாசம் காட்டினால் இரண்டில் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. ஒன்று பிறந்த நாளைச் சொல்கிறது, மற்றது ஆறிய நாளைச் சொல்கிறது.

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போனால் ஏலகிரி மலை தெரியும். சுற்றியுள்ள நைஸோடு பிறந்ததல்ல அது. அதன் பாறை, கிரானைட்டைப் போன்ற சையனைட் (விஷமான சயனைடு அல்ல), சுமார் 75 கோடி ஆண்டுக்கு முன் பழைய பாறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறியது. அருகே செவ்வாத்தூரில் இருக்கும் கார்பனடைட் இன்னும் விசித்திரம். பார்வைக்குச் சுண்ணாம்புக்கல், பிறப்பால் பாறைக்குழம்புக் குடும்பம். அதன் வயதும் 75 முதல் 80 கோடிக்குள் வருகிறது.

இவற்றின் வயதை ருபீடியம், ஸ்ட்ரான்சியம் கொண்டும் அளந்திருக்கிறார்கள். ருபீடியம் 87 மெல்ல ஸ்ட்ரான்சியம் 87 ஆகிறது. ஆனால் சிர்க்கானின் வசதி இங்கே இல்லை: பாறை பிறக்கும்போதே அதில் ஸ்ட்ரான்சியம் இருந்தது, எவ்வளவு என்று தெரியாது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தைக் கற்பனை செய்யுங்கள். தொடங்கிய நாளில் உறுப்பினர் எல்லோருக்கும் ஒரே அளவு அன்பளிப்பு. போட்ட முதல் மட்டும் ஆளுக்கொரு தொகை. வட்டி வேறு, அன்பளிப்பு வேறு என்று காட்டாமல் கூட்டுத்தொகையை மட்டும் காட்டுகிறது பாஸ்புக். ஒரு பாஸ்புக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐந்தாறு கிடைத்தால், முதலைக் கிடையாகவும் கூட்டுத்தொகையைச் செங்குத்தாகவும் குறியுங்கள். புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில் விழும். முதல் சுழியமாகும் இடத்தில் கோடு தொடும் தொகை அன்பளிப்பு. கோட்டின் சாய்வு, சங்கம் தொடங்கி எத்தனை காலம் ஆயிற்று என்பது. பாறையில் முதல் என்பது ருபீடியம், அன்பளிப்பு என்பது பிறக்கும்போதே இருந்த ஸ்ட்ரான்சியம், வட்டி என்பது பிறகு சிதைவில் சேர்ந்த ஸ்ட்ரான்சியம். ஒரே பாறைக்குழம்பிலிருந்து வந்த பல துண்டுகளை இப்படித்தான் சேர்த்து வாசிக்கிறார்கள். புள்ளிகள் கோட்டை விட்டுச் சிதறினால், அந்தப் பாறைகள் ஒரே நாளில் பிறந்தவையல்ல, அல்லது நடுவில் யாரோ கணக்கில் கை வைத்திருக்கிறார்கள்.

மனையை வாங்கவில்லை; விலை படியவில்லை. தரகர் சொன்னபடி பாறையை வெடி வைத்து எடுத்திருந்தால் அது கிரஷருக்குப் போய் ஜல்லியாகவும் எம்.சாண்டாகவும் திரும்பியிருக்கும், சிர்க்கான் மணிகள் உட்பட. பழைய வீடுகளுக்குப் பூசிய பாலாற்று மணலிலும் அவை உண்டு. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரம் வழியாக வருகிறது. வழியில் அரித்த பாறைகளின் மணிகளையெல்லாம் கொண்டு வந்து சேர்க்கிறது. அந்த மணலில் நூறு மணி பொறுக்கி வயது பார்த்தால், வேலூர்ச் சுவரில் கோலார்ப் பக்கத்துப் பதிவுகளும் இருக்கும்.