பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வண்டியை முடிவு செய்யுங்கள்

கோயம்புத்தூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கார் ஒர்க்‌ஷாப் நடத்திவருகிறேன். புதிய வண்டி வாங்குவதற்கு முன் ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர், ஒரு சிறிய எஸ்யூவியை மனத்தில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, எந்த வேரியன்ட், எந்த நிறம் என்பதை மட்டும்தான் என்னிடம் கேட்கிறார்கள். "உயரமா இருந்தா ரோடு நல்லாத் தெரியுதுங்க, பள்ளத்துல அடிபடாதுங்க" என்பார்கள். அது உண்மைதான். ஆனால், அது ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் வசதி. அடுத்த பத்து ஆண்டுகள் பின்சீட்டில் உட்காரப்போகிற பெற்றோரையும் பிள்ளைகளையும் வைத்து யோசித்துவிட்டு வருகிறவர்கள் குறைவு.

ஆறு பேர் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த வங்கி அலுவலர் ஒருவர், விலைப்பட்டியலோடு வந்திருந்தார். "ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அப்பாவையும் கூட்டிட்டு வாங்க சார், ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போற பெட்டிகளையும் கொண்டுவாங்க" என்று சொல்லி அனுப்பினேன். அன்று சர்வீஸுக்கு வந்திருந்த சிறிய எஸ்யூவி ஒன்றிலும், அருகில் நின்ற, பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட்டிலும், உரிமையாளர்களின் அனுமதி பெற்று, அவர்களை ஏறி உட்காரச் சொன்னேன். அவருடைய தாயாருக்கு முழங்கால் தேய்மானம். சிறிய வண்டியின் பின்கதவு, சக்கர வளைவு உள்ளே தள்ளிவருவதால் கீழ்ப்பகுதியில் குறுகிவிடுகிறது. அந்த அம்மா மேல்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்து, இடுப்பைத் திருப்பி, மற்றொரு காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்த பிறகும் முழங்கால் முன்சீட்டின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. ஹைகிராஸின் தரையும் தாழ்வானதல்ல. ஆனால், கதவு அகலமாகத் திறந்ததால் முதலில் சீட்டின் ஓரத்தில் அமர்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே எடுத்துவைத்தார். "இதுல காலை நீட்டலாம் கண்ணு" என்று மகனிடம் சொன்னார். பெட்டிகளில் இரண்டை எஸ்யூவியின் டிக்கியில் வைத்ததுமே இடம் முடிந்துவிட்டது.

இந்த இடப்பற்றாக்குறைக்குக் காரணம் வடிவமைப்பாளர்களின் அலட்சியமல்ல, வரி விதிதான். 2006 மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாமல், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசி, டீசல் இன்ஜின் 1,500 சிசி என்ற அளவுக்குள் இருக்கும் கார்களுக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்றிலிருந்து 3,990, 3,995 மில்லிமீட்டர் என்று எல்லையைத் தொட்டபடி நிற்கும் வண்டிகள் பெருகின. நீளத்தைக் கூட்ட முடியாத நிலையில் பெரிய வண்டி என்ற தோற்றத்தைத் தருவதற்கு உயரம் ஒன்றுதான் வழி. ஆகவே பானட் உயர்ந்தது, கூரை உயர்ந்தது, பின்சீட்டும் டிக்கியும் இருந்தபடியே நின்றுவிட்டன. இவ்வகை எஸ்யூவிகள் பலவற்றின் வீல்பேஸ் 2,500 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. ஹைகிராஸில் அது 2,850. நீளம் 4,755. உள்ளே எவ்வளவு இடம் என்பதைத் தீர்மானிப்பது இந்த முன்பின் சக்கர இடைவெளியே தவிர, வெளியிலிருந்து தெரியும் கம்பீரம் அல்ல. ஏழு சீட் என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்தும் ஏமாறக்கூடாது. நான்கு மீட்டருக்குள் ஏழு பேரை உட்காரவைக்கும் ரெனோ டிரைபரில், மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது டிக்கியின் கொள்ளளவு 84 லிட்டர்தான். ஏழு பேர் போகலாம், அவர்களுடைய துணிமணி போக முடியாது.

"பெரிய வண்டி என்றால் பெட்ரோல் குடிக்குமே" என்ற அச்சம் நியாயமானதுதான். ஹைப்ரிட் அதற்குத்தான் விடை சொல்கிறது, அதற்கு ஹைகிராஸிலேயே சான்று இருக்கிறது. அதே உடல், அதே 2 லிட்டர் அளவுள்ள பெட்ரோல் இன்ஜினுடன் ஹைப்ரிட் அல்லாத வகையும் விற்பனைக்கு வந்தது. அதற்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 16.13 கிலோமீட்டர், ஹைப்ரிட்டுக்கு 23.24. இவை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்த எண்கள், சாலையில் இரண்டுமே குறையும். ஆனால், நகர நெரிசலில் இவற்றுக்கிடையிலான இடைவெளி சுருங்குவதில்லை என்பதே என் அனுபவம்.

காரணம் எளிது. காந்திபுரம் சிக்னலில் ஒரு சாதாரண பெட்ரோல் கார் நகராமல் நின்றபடி எரிபொருளை எரிக்கிறது. நகர்ந்து வேகமெடுத்ததும் அடுத்த பிரேக்கில் அந்த வேகத்தையெல்லாம் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. ஹைகிராஸ் போன்ற முழு ஹைப்ரிட்டில் நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடும். ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் இயங்குவதால் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை குளிர்ச்சி தொடரும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அல்லது பிரேக்கை மிதித்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். மெதுவாக ஊர்ந்து செல்லும்போது அந்த மின்சாரமே சக்கரத்தைச் சுழற்றும். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் ப்ரியஸ் காலத்திலிருந்து டொயோட்டா கையாளும் முறை இது. பிரேக் பேட் தேய்வதும் மிகக் குறைவு. கழற்றிப் பார்க்கும்போது, இவ்வளவு கிலோமீட்டர் ஓடிய வண்டியா என்று எனக்கே இன்னும் வியப்பாக இருக்கும்.

மைலேஜ் கணக்கில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 20 கிலோமீட்டர் தரும் சிறிய கார் 25 தருவதும், 10 தரும் பெரிய கார் 15 தருவதும் ஒரே அளவு முன்னேற்றம் போலத் தோன்றும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் முதலாவதில் மிச்சம் 150 லிட்டர். இரண்டாவதில் 500 லிட்டர். அதனால்தான் ஹைப்ரிட் தொழில்நுட்பம் பெரிய குடும்ப வண்டியில் அதிகப் பயன் தருகிறது என்று சொல்கிறேன்.

'ஹைப்ரிட்' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கியவர்களின் ஏமாற்றத்தையும் பார்த்திருக்கிறேன். ஓர் ஆசிரியர், தாம் வாங்கிய சிறிய எஸ்யூவி பேட்டரியில் ஓடவே மாட்டேன் என்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பழுது எதுவும் இல்லை. அது மைல்ட் ஹைப்ரிட். அதில் பெல்ட்டால் இன்ஜினோடு இணைந்த ஒரு சிறிய ஜெனரேட்டர், புறப்படும்போது இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், சிக்னலில் அணைந்த இன்ஜினை மீண்டும் இயக்கும், அவ்வளவுதான். தனியாகச் சக்கரத்தைச் சுழற்ற அதனால் முடியாது. ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி, "இன்ஜினை அணைத்துவிட்டு இந்த வண்டி மின்சாரத்தில் மட்டும் நகருமா?" என்பதே. டெஸ்ட் டிரைவில் அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

விலையைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 500 லிட்டர் மிச்சமானாலும் 50,000 ரூபாய்தான். நான்கு மீட்டர் எஸ்யூவிக்கும் பெரிய ஹைப்ரிட்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டை எட்டு ஆண்டுகளில்கூட அது ஈடுகட்டாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய ஹைப்ரிட்டுகளுக்கு 40 சதவீதம். இதற்கு மேல் தமிழ்நாட்டுச் சாலை வரியும் 2023 நவம்பர் முதல் பத்து லட்சத்துக்கு மேல் 18, இருபது லட்சத்துக்கு மேல் 20 சதவீதமாக இருக்கிறது. பெட்ரோல் மிச்சத்துக்காக மட்டும் இதை வாங்காதீர்கள். ஆறு பேர் வசதியாகப் போக வேண்டும், வண்டி பெரும்பாலும் ஊருக்குள் ஓடும், ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டராவது ஓடும் என்றால் இதில் பொருள் உண்டு. வாரம் ஒரு முறை மட்டும் வண்டியை எடுக்கிறவர், இந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நால்வர் குடும்பமாக இருந்து, வசதிகள் நிறைந்த ஆட்டோமேட்டிக் எஸ்யூவிக்கு இருபது லட்சம் செலவிடத் தயாராக இருப்பவர்கள், ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்சீட்டில் கால் நீட்ட இடம் தாராளம். ஆனால், பேட்டரிக்கு இடம் விட்டதில் டிக்கி 506 லிட்டரிலிருந்து 306 ஆகக் குறைந்திருக்கிறது. பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

"பேட்டரி போனா லட்சக்கணக்குல செலவாகுமாமே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த இரண்டு நிறுவனங்களுமே ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை பெரிய பேட்டரியால் வந்தவையே அல்ல. வண்டி பல வாரம் ஓடாமல் நின்றதால், கணினிகளை எழுப்பும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போயிருக்கும். பெரிய பேட்டரி உண்மையிலேயே சூடானது ஒருமுறைதான். அதைக் குளிர்விக்கக் காற்றை இழுக்கும் துவாரத்தின் மேல் ஓர் அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் ஃபில்டரைக் கழற்றியபோது, கம்பளி ஆடை போலத் தூசியும் நாய் முடியும் படிந்திருந்தன. அந்தத் துவாரம் உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்பதை டெலிவரி எடுக்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, சர்வீஸ்தோறும் ஃபில்டரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, கல்லாறு வருவதற்கு முன்பே பேட்டரி நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு அதனால் பிரேக்கின் ஆற்றலை வாங்கிக்கொள்ள முடியாது. அப்போது இன்ஜினின் தடையைப் பயன்படுத்தும் கியர் நிலைக்கு மாற்றாமல், பிரேக்கை மட்டுமே மிதித்து வந்தால், ஆறு பேரின் எடையோடு இறங்கும் அந்த வண்டியில் டிஸ்க்குகள் மற்ற எந்தக் காரையும் போலவே சூடேறும்.

அந்த வங்கி அலுவலர் இரண்டு மாதம் யோசித்து, வாங்க நினைத்த எஸ்யூவியை விட்டுவிட்டு, மூன்று ஆண்டு ஓடிய ஹைகிராஸ் ஹைப்ரிட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வாங்குவதற்கு முன் என்னிடம் கொண்டுவந்தார். ஸ்கேனரை மாட்டி பேட்டரித் தொகுதிகளின் மின்னழுத்தம் சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன், வாரண்டி புதிய பெயருக்கு மாறுமா என்பதைச் சர்வீஸ் மையத்தில் எழுத்தில் வாங்கச் சொன்னேன். நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா பின்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.