காரியோடைப்: நிறப்புரி வரிசைப்படம்

பிறந்த குழந்தை கைகால் துவண்டு கிடந்தாலோ, பால் இழுக்கத் திணறினாலோ, உள்ளங்கையில் ஒற்றை ரேகை ஓடி முகச்சாயலும் வேறாக இருந்தாலோ, மருத்துவர் சீட்டில் எழுதும் சோதனை காரியோடைப். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதை 'ஜீன் டெஸ்ட்' என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் 'மரபணுச் சோதனை' என்பார்கள். இரண்டும் பொருந்தாது. இது மரபணுவைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் எத்தனை, எந்த வடிவில் என்று மட்டுமே பார்க்கிறது.

'காரியோன்' கிரேக்கத்தில் கொட்டை, பருப்பு. உயிரணுவின் உட்கருவுக்கு அது பெயராகி, 'டைப்' வந்து சேர்ந்தது. 'கருவகை' என்று பெயர்த்துவிடலாம்தான். ஆனால் கரு என்றால் வயிற்றில் தங்குவது என்றே நம்மூர்க் காதில் விழும். பிள்ளை பிறந்த பிறகு கருவுக்கு என்ன சோதனை என்று பாட்டி கேட்பார்.

குரோமோசோமுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மானியர் வால்டையர், 1888-இல். குரோமா நிறம், சோமா உடல். சாயம் ஏற்றினால் அடர்ந்து தெரிவதால் அந்தப் பெயர். இலங்கைத் தமிழில் 'நிறமூர்த்தம்'. சொல்லுக்குச் சொல் சரி. எனக்கு 'நிறப்புரி'தான் உசத்தி. புரி என்றால் முறுக்கிய இழை: வைக்கோற்புரி, முப்புரிநூல். டி.என்.ஏ. முறுக்கிச் சுருண்டுதான் குரோமோசோம் ஆகிறது. கிரேக்கச் சொல்லில் இல்லாத அந்த முறுக்கு தமிழில் இருக்கிறது. (தர்மபுரியின் புரி வேறு, அது ஊர்.) ஆகவே காரியோடைப்பை 'நிறப்புரி வரிசைப்படம்' எனலாம். சோதனையின் முடிவில் கையில் கிடைப்பதும் அதுதான்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் எடுப்பார்கள். ஆய்வகத்தில் வெள்ளணுக்களை ஏறக்குறைய மூன்று நாள் வளர்த்து, அவை பிளவுபடும் நேரத்தில் கால்ச்சிசின் வகை மருந்தால் நிறுத்திவிடுவார்கள். அந்தக் கால்ச்சிசின் நம் மாநில மலர் செங்காந்தளின் கிழங்கிலும் உண்டு. பிறகு ஜீம்சா சாயம். வரிவரியாகத் தெரியும் நிறப்புரிகளைப் படமெடுத்து 1 முதல் 22 வரை சோடி சோடியாக அடுக்கி, கடைசியில் ஆணா பெண்ணா என்பதைக் காட்டும் எக்ஸ், ஒய். மொத்தம் 46. நெடுங்காலம் 48 என்றே நம்பினார்கள். 1956-இல் ஜியோ, லெவான் என்ற ஆய்வாளர்கள் திருத்தினார்கள். மூன்றே ஆண்டில், 1959-இல், டவுன் நோய்க்குறியில் 47 இருப்பதை லெஜூனின் குழு அறிவித்தது.

அறிக்கையில் '47, எக்ஸ்எக்ஸ், +21' என்றிருந்தால், பெண் குழந்தை, 21-ஆம் நிறப்புரி ஒன்று கூடுதல்; அதுதான் டவுன் நோய்க்குறி. 18 கூடினால் எட்வர்ட்ஸ் நோய்க்குறி, 13 கூடினால் பட்டாவ் நோய்க்குறி. இரண்டும் அரியவை, கடுமையானவை. ஐந்தாம் நிறப்புரியின் குட்டைக் கையில் (அதன் இரு பக்கங்களில் குட்டையானதில்) ஒரு துண்டு உதிர்ந்தால் குழந்தை பூனைபோல் அழும். துண்டு மிகச் சிறியதானால் வரிசைப்படத்தில் தெரியாது; அதைவிட நுணுக்கமான மைக்ரோஅரே சோதனை வேண்டும்.

இந்தப் பக்கம் அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது இன்னும் உண்டு. அதனால் "சொந்தத்துல கட்டுனதுதான்" என்ற பேச்சு உடனே கிளம்பும்; இல்லாவிட்டால் கிரகணத்தன்று தாய் வெளியே வந்த கதை. சொந்தத் திருமணம் கூட்டுவது பெரும்பாலும் ஒற்றை மரபணுக் கோளாறுகளை. அவை காரியோடைப்பில் அகப்படா. எண்ணிக்கை பிசகுவது முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது சோடி பிரியாமல் போவதால். தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். இளம் தாய்க்கும் நேரும்.

டவுன் குழந்தைகளில் ஒரு சிறு பங்கினருக்கு மட்டும் கூடுதல் 21 வேறொரு நிறப்புரியோடு ஒட்டியிருக்கும். அறிக்கையில் 'டிரான்ஸ்லொகேஷன்' என்று கண்டால், அடுத்த பிள்ளைக்கு முன் தாய் தகப்பன் இருவரின் ரத்தத்தையும் இதே சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.