நோவி வல்: அலையா, திரையா?

குரோஷிய மொழியில் 'நோவி' என்றால் புதிய, 'வல்' என்றால் அலை. குரோஷியாவும் செர்பியாவும் ஒரே நாடாக, யூகோஸ்லாவியாவாக இருந்த 1970களின் கடைசியில் அதன் நகரங்களில் எழுந்த ராக் இசைக்கு, குரோஷியத் தலைநகர் சாக்ரெபில் வழங்கிய பெயர் இது. தமிழ்க் கண்ணுக்கு 'வல்' என்றதும் வல்லினமும் வல்வில்லும் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் உறவில்லை. உருளுதல், புரளுதல் என்ற பொருளுள்ள ஸ்லாவிய வேரிலிருந்து வந்த சொல் இது. 'நோவி'க்குத்தான் நமக்குத் தெரிந்த உறவு உண்டு. நாம் 'நவதானியம்' என்பதில் உள்ள ஒன்பது அல்ல, 'நவயுகம்' என்பதில் உள்ள 'நவ'தான் அதன் உடன்பிறப்பு.

'புதிய அலை' என்ற சொற்றொடர் முழுதாகப் பிறந்த இடம் பிரான்ஸ். 1950களின் இறுதியில் அங்கே புதிய தலைமுறையைக் குறிக்க 'நூவெல் வாக்' என்றார்கள். பிறகு அது சினிமாவுக்குப் போனது. 1977 வாக்கில், பங்க் என்ற ராக் வகையின் முரட்டுப் பெயரைத் தவிர்க்க விரும்பிய இசைத்தட்டு வணிகர்கள் ஆங்கிலத்தில் 'நியூ வேவ்' என்று விற்றார்கள். அதன் நேர் மொழிபெயர்ப்பே 'நோவி வல்'.

குரோஷியாவில் 'வல்' என்பதை செர்பியாவில் 'தலாஸ்' என்பார்கள். கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'தலாஸா'விலிருந்து வந்தது அது. ஆகவே செர்பியத் தலைநகர் பெல்கிராடில் இதே இசை 'நோவி தலாஸ்'. பெயர் இரண்டானாலும் அலை ஒன்றுதான். பெல்கிராடின் மூன்று இளம் குழுக்களை ஒன்றாகச் சேர்த்து 1981இல் வந்த தொகுப்பை வெளியிட்டது சாக்ரெபின் யூகோட்டோன் இசைத்தட்டு நிறுவனம்.

இந்தச் சொல்லுக்கு ஒரு குழுவைக் காட்டச் சொன்னால் நான் அஸ்ராவைக் காட்டுவேன். பாடகர் பிரானிமிர் 'ஜானி' ஷ்டூலிச் 1977இல் சாக்ரெபில் தொடங்கியது. ஆரம்பத்தில் உடனிருந்த சிலர் பிரிந்துபோய் 'ஃபில்ம்' என்ற குழுவை அமைத்தார்கள். அதுவும் புதிய அலையின் பெரிய பெயரானது. பிறகு பாஸ் கிதாரில் மிஷோ ஹர்ன்யாக், டிரம்ஸில் போரிஸ் லைனர் என மூவராக நிலைத்தார்கள். 1980இல் முதல் ஆல்பம். 1981இல் இரட்டைத் தட்டு, அதன் தலைப்பை 'வெயில் படும் தெருப்பக்கம்' என்று தமிழாக்கலாம். போலந்துத் தொழிலாளர்கள் தங்கள் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்து நடத்திய போராட்டத்துக்கு அதில் ஒரு பாட்டு இருக்கிறது. அதே போல ஒரு கட்சி மட்டுமே ஆண்ட யூகோஸ்லாவியாவில் அதைப் பாட நெஞ்சுரம் வேண்டும். 1982இல் குலுஷிச் அரங்கின் நேரடிப் பதிவு மூன்று தட்டுகளாக வந்தது.

குழுவின் பெயரே தனியொரு சொல்விளக்கம் கேட்கும். ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதையில், சுல்தானின் மகளைக் காதலிக்கும் அடிமை இளைஞன் தன் குலம் அஸ்ரா என்கிறான்: காதலித்தால் இறந்துவிடும் குலம். அது குரோஷியாவை அடுத்த பாஸ்னியாவில் மொழிபெயர்ப்பாகி, நாட்டார் பாடலாகவே மக்கள் வாயில் தங்கிவிட்டது. ஷ்டூலிச் பெயரை எடுத்தது அந்தப் பாடலிலிருந்து. புதிய அலை என்கிறோம், ஆனால் அதன் அடியில் இவ்வளவு பழைய நீர் ஓடியிருக்கிறது.

சரி, தமிழில்? 'நவீன அலை' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. நோவி என்பது புதுமையைச் சொல்கிறது, நவீனத்துவத்தை அல்ல. 'புதுத்திரை' பொருளளவில் மிக நெருக்கம். 'திரைகடல் ஓடியும்' என்பதில் உள்ள திரை அலைதான். சுருண்டு புரளுவதும் திரைவதே. ஆனால் இன்று திரை என்றால் எல்லார் நினைவும் தியேட்டருக்குப் போய்விடும். 'அலை' அப்படியல்ல. பெயராக நின்றால் கடலலை, வினையாக வந்தால் சுற்றித் திரிதல். தெருவிலும் காபிக்கடையிலும் அலைந்த இளைஞர்களின் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

எனவே பொதுவாகப் 'புதிய அலை' என்றே எழுதலாம். யூகோஸ்லாவிய இசையைத் தனித்துக் குறிக்கையில் முதன்முறை 'நோவி வல்' என்று சொல்லி, பிறகு தமிழுக்கு வந்துவிடலாம். அடுத்த சொல்லோடு சேரும்போது ஒற்று மிகும்: அஸ்ரா, சாக்ரெபின் புதிய அலைக் குழு.