காங்கிரஸ்மேன் என்பவர் காங்கிரஸ்காரர் அல்லர்

ஜோ ஸ்கார்பரோ தம் வாழ்நாளில் ஒருநாளும் காங்கிரஸ்காரராக இருந்ததில்லை. புளோரிடா மாநிலத்தின் பென்சகோலாவில் வழக்கறிஞராக இருந்தவர். குடியரசுக் கட்சி வேட்பாளராக 1994-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு நின்று வென்றவர். அந்தச் சபையின் உறுப்பினரை ஆங்கிலத்தில் ‘காங்கிரஸ்மேன்’ என்பார்கள். பிறகு தொலைக்காட்சிக்குப் போய், 2007 முதல் ‘மார்னிங் ஜோ’ என்ற காலை நேர அரசியல் நிகழ்ச்சியை நடத்தி வருபவர். அவர் டிரம்பைச் சாடினாலும் டிரம்ப் அவரைச் சாடினாலும் நம் செய்திகளில் அவர் பெயர் அடிபடும். கூடவே ‘முன்னாள் காங்கிரஸ்காரர்’ அல்லது ‘முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர்’ என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டு வரும்.

அண்மையில் ஒரு தமிழ்ச் செய்தியில் முதல் வரியில் ‘காங்கிரஸ்காரர்’ என்று போட்டுவிட்டு, மூன்றாவது வரியில் ‘2017-இல் குடியரசுக் கட்சியிலிருந்து விலகியவர்’ என்று எழுதியிருந்தார்கள். இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? காங்கிரஸில் இருந்தார், குடியரசுக் கட்சிக்குத் தாவினார், அங்கேயும் நிலைக்கவில்லை என்றுதானே? அவர் இருந்தது ஒரே கட்சி. அதிலிருந்துதான் விலகினார். தமிழ்ச் சொல் அவருக்கு இல்லாத ஒரு கட்சியைச் சேர்த்து, செய்யாத ஒரு தாவலையும் செய்ய வைத்துவிட்டது. இந்தத் தவறை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘கிராடி’ என்றால் அடியெடுத்து வைத்தல். இரண்டும் சேர்ந்து பிறந்த ‘காங்கிரஸஸ்’ கூடிச் சேர்தல், சந்திப்பு என்ற பொருள் தந்தது. ஐரோப்பிய அரசுகளின் தூதர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. 1814-15இல் வியன்னாவில் கூடியது அப்படியொன்று. அதை நாம் வியன்னா மாநாடு என்று சரியாகவே எழுதுகிறோம். 1774-இல் பிலடெல்பியாவில் அமெரிக்கக் குடியேற்றங்களின் பேராளர்கள் கூடியதும் அதே பொருளில்தான். பதின்மூன்றில் பன்னிரண்டு குடியேற்றங்கள் ஆள் அனுப்பின, ஜார்ஜியா அனுப்பவில்லை. 1787-இல் எழுதப்பட்ட அரசமைப்பு அந்தப் பெயரையே நிலையான சட்டமியற்றும் மன்றத்துக்கு வைத்தது. அந்த மன்றத்துக்கு இரண்டு அவைகள்: செனட், பிரதிநிதிகள் சபை.

நம் பக்கம் நடந்தது வேறு. 1885 டிசம்பரில் பம்பாயில் 72 பேர் கூடித் தொடங்கியபோது, இந்திய தேசிய காங்கிரஸ் என்பதும் ஒரு கூட்டத்தின் பெயர்தான். ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் கூடும், தீர்மானம் போடும், கலையும். ‘காங்கிரஸ் மகாசபை’ என்று பழைய தமிழ்ப் பத்திரிகைகள் எழுதியதில் அந்த மூலப்பொருள் அப்படியே இருக்கிறது. 1920-இல் நாக்பூரில் காந்தி அதன் விதிகளை மாற்றி எழுதி, நாலணா சந்தா கட்டினால் எவரும் சேரலாம் என்று திறந்துவிட்டார். அன்றிலிருந்து காங்கிரஸ் என்பது ஆள் சேரும் இயக்கம், பிறகு ஆட்சி செய்யும் கட்சி. ‘நாலணா உறுப்பினர்’ என்ற தொடர் நம் பேச்சில் புகுந்ததும் அப்படித்தான். 1934-இல் காந்தி விலகியபோது அவர் நாலணா உறுப்பினராகக்கூட இல்லை என்றார்கள்.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. தமிழில் ‘காங்கிரஸ் உறுப்பினர்’ என்றால் சந்தா கட்டிச் சேர்ந்தவர். ‘-காரர்’ சேர்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கதர்ச் சட்டையே கண்முன் வந்து நிற்கும். அமெரிக்காவில் அந்தப் பதவிக்கு யாரும் சந்தா கட்டிச் சேர முடியாது. 435 தொகுதிகளில் ஒன்றில் நின்று, மக்கள் வாக்குப் போட்டு அனுப்ப வேண்டும். அதுவும் இரண்டே ஆண்டுக்கு. ஸ்கார்பரோ 1994, 1996, 1998, 2000 என நான்கு முறை நின்று வென்றதற்குக் காரணம் இந்த இரண்டாண்டுக் கணக்குதான். ஒரே எழுத்துக்கூட்டு கொண்ட இரண்டு சொற்கள், ஒன்று கட்சி, இன்னொன்று மன்றம் என்று ஆகிவிட்ட பிறகு, மன்றத்தின் உறுப்பினரைக் கட்சி உறுப்பினரின் பெயரால் அழைப்பது மொழிபெயர்ப்பே ஆகாது.

இதைவிட மோசமானது பெண் உறுப்பினர்களுக்குச் செய்வது. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2017 முதல் வாஷிங்டன் மாநிலத்தின் ஏழாவது தொகுதியின் உறுப்பினர், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். அவர் போன்றவர்களைக் ‘காங்கிரஸ் பெண்’ என்றும் ‘காங்கிரஸ் பெண்மணி’ என்றும் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரின் பதவி இந்தத் தொடரில் எங்கே இருக்கிறது? 2025 ஜூனில் சசி தரூர் தலைமையில் இந்தியக் குழு ஒன்று வாஷிங்டன் சென்றது. காங்கிரஸ் உறுப்பினர் தலைமையிலான குழு காங்கிரஸ் உறுப்பினர்களைச் சந்தித்தது என்று எழுதினால் யார் யாரைச் சந்தித்தார்?

மொழித் தூய்மையில் அக்கறையுள்ள அன்பர்கள் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள்: காங்கிரஸ் என்பதற்குப் ‘பேராயம்’, அதன் உறுப்பினர் ‘பேராய உறுப்பினர்’. அவர்கள் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்க அழகாக இருப்பதாலேயே இது பரவிக்கொண்டிருக்கிறது.

பேராயம் என்றதும் சிலப்பதிகாரத்தின் ‘ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும்’ நினைவுக்கு வரும். சரி, அந்த எண்பேராயத்தில் இருந்தவர்கள் யார்? பழைய உரை தரும் பட்டியலைப் பாருங்கள்: கரணத்தியலவர், கருமவிதிகள், கனகச் சுற்றம், கடைகாப்பாளர், நகரமாந்தர், படைத்தலைவர், யானைவீரர், இவுளிமறவர். கணக்கர் முதல் வாயிற்காவலர், குதிரை வீரர் வரை அரசனைச் சூழ்ந்து நிற்போர். அரசனின் பெருமையைக் காட்ட விழாவில் உடன் வருவோர். அமெரிக்க மன்றம் இதற்கு நேர் எதிரானது. மன்னனிடமிருந்து பிரிந்து வந்தவர்கள், இனி ஒருவர் கையில் அதிகாரம் குவியக் கூடாது என்று கட்டிய அமைப்பு அது. வரி போடும் மசோதா அங்கே பிறக்க வேண்டும், குடியரசுத் தலைவர் மீதே அது குற்றம் சாட்டலாம். ஸ்கார்பரோ உறுப்பினராக இருந்த அவைதான் 1998 டிசம்பரில் கிளிண்டன் மீது குற்றச்சாட்டைக் கொண்டுவந்தது. அரசவைப் பரிவாரத்தின் பெயரை இப்படிப்பட்ட அவைக்குச் சூட்டுவது பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது.

அடுத்தது, இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையில் பேராயம் என்றால் ஒரு பிஷப்பின் ஆட்சிப் பரப்பு. சென்னைப் பேராயம் என்றால் சென்னைக் கிறித்தவர் எவருக்கும் விளங்கும். பேராயர் அதன் தலைவர். கத்தோலிக்கர் வழக்கில் பேராயர் என்பவர் ஆயர்களுக்கு மேலானவர். (இந்த ஆயர் மேய்ப்பர் என்ற பொருளில் வந்தது. கூட்டம் என்ற பொருள்படும் ஆயம் வேறு. பெரு சேர்ந்ததும் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றன.) ‘முன்னாள் பேராய உறுப்பினர் ஜோ’ என்று எழுதினால், திருச்சபைப் பொறுப்பிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தவர் என்றே பலருக்குத் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேராயம் என்ற இதே சொல்லைத்தான் தூய தமிழ் ஆர்வலர்கள் இந்தியக் காங்கிரஸ் கட்சிக்கும் வைக்கிறார்கள்: பேராயக் கட்சி. அப்படியானால் எதைத் தீர்த்தோம்? ஆங்கிலச் சொல்லில் இருந்த குழப்பம் தமிழ்ச் சொல்லுக்கு அப்படியே குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். சொல் தமிழானது, பொருள் தெளியவில்லை. எனக்குத் தூய்மை வேண்டாம் என்பதில்லை. படிப்பவருக்குத் தெளிவு கிடைத்த பிறகு தூய்மை வரட்டும்.

இன்னொரு சாரார் ‘நாடாளுமன்ற உறுப்பினர்’ அல்லது ‘எம்.பி.’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். காங்கிரஸ்காரர் என்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் எந்த அவை என்று சொல்வதில்லை. அதோடு, நாடாளுமன்றம் என்றால் அங்கிருந்து அமைச்சர்கள் வருவார்கள் என்பது நம் அனுபவம். அமெரிக்காவில் இரண்டு நாற்காலியிலும் ஒருவர் உட்கார அரசமைப்பு விடாது. மார்க்கோ ரூபியோ 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சரானபோது செனட்டர் பதவியை விட்டுத்தான் போனார்.

எந்த அவை என்பது முக்கியமா? மிக முக்கியம். ஸ்கார்பரோ நான்காவது முறை வென்ற சில மாதங்களில், 2001 செப்டம்பரில், பதவி விலகினார். அந்த இடத்துக்கு இடைத்தேர்தல் நடத்தித்தான் ஆள் அனுப்ப முடிந்தது, ஏனென்றால் பிரதிநிதிகள் சபையில் நியமன உறுப்பினருக்கு இடமே இல்லை. அதே புளோரிடாவில் ரூபியோவின் செனட் இடம் காலியானதும் ஆஷ்லி மூடியை ஆளுநர் நியமித்தார். இரண்டும் இருவேறு விதி. இது தெரியாததால்தான் நம் செய்திகளில் ‘காங்கிரஸும் செனட்டும் மசோதாவை நிறைவேற்றின’ என்ற பிழை திரும்பத் திரும்ப வருகிறது. செனட் காங்கிரஸுக்குள்தான் இருக்கிறது. செனட்டர்களும் அந்த மன்றத்தின் உறுப்பினர்களே. ஆனால் பேச்சு வழக்கில் காங்கிரஸ்மேன் என்றால் பிரதிநிதிகள் சபைக்காரரை மட்டுமே குறிக்கும். ஆகவே சரியான தமிழ், அவையின் பெயரைச் சொல்லியே தீர வேண்டும்.

அந்தத் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. 1947 முதல் 1972 வரை இலங்கையில் இருந்த பாராளுமன்றத்தின் கீழவைக்குப் பிரதிநிதிகள் சபை என்றுதான் பெயர். மேலே செனட் சபை. ஈழத் தமிழ்த் தலைவர்களான தந்தை செல்வாவும் ஜி.ஜி. பொன்னம்பலமும் உட்கார்ந்த அவை அது. செனட்டர் திருச்செல்வம் என்று மக்கள் இயல்பாகச் சொன்னார்கள். ஈழத் தமிழர் கால் நூற்றாண்டு நாள்தோறும் புழங்கிய சொல்லை விட்டுவிட்டு நாம் எதற்காகப் பேராயத்தைத் தேடிப் போக வேண்டும்? ‘பிரதிநிதி’ வடசொல் என்பார்கள். சார்பாளர் அவை என்று ஒருநாள் ஊன்றி நின்றால் நானும் மகிழ்ச்சியோடு எழுதுவேன். இன்று எழுதினால் விளக்கக் குறிப்பும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.

நீளமாக இருக்கிறது, தலைப்பில் அடங்காது என்று துணை ஆசிரியர்கள் முறையிடுவது நியாயம்தான். அவர்களுக்குக் ‘கீழவை உறுப்பினர்’ போதும். அமெரிக்காவில் அந்த அவை கீழானதல்ல, சமமானது என்று ஒரு மறுப்பு வரும். அதிகாரத்தில் சமம்தான். ஆனால் தலைநகரம் பிலடெல்பியாவில் இருந்த 1790-களில் ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில் பிரதிநிதிகள் சபையும் மாடியில் செனட்டும் கூடின. கீழவை என்பது அங்கே இடத்தைச் சொன்ன சொல்லாகவே பொருந்தும். அமெரிக்கரும் அதைக் கீழவை என்று சொல்லத் தயங்குவதில்லை. முதல் முறை ‘அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்’, அடுத்தடுத்துக் ‘கீழவை உறுப்பினர்’. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல். முழு மன்றத்தையும் குறிக்கும்போது மட்டும் ‘அமெரிக்கக் காங்கிரஸ்’ என்று நாட்டின் பெயரோடு எழுதலாம். அங்கே குழப்பம் வராது.

ஸ்கார்பரோவின் அடுத்த பதவிப் பெயரும் தப்பவில்லை. ‘அரசியல் வர்ணனையாளர்’ என்கிறார்கள். வர்ணனை கிரிக்கெட் மைதானத்துச் சொல், கண்முன் நடப்பதைப் பந்துக்குப் பந்து சொல்வது. ‘அரசியல் விமர்சகர்’ பரவாயில்லை, ஆனால் நம் விவாத மேடைகளில் அது எந்தக் கட்சிப் பெயரும் போட முடியாதவருக்குத் தரும் பொதுப் பட்டமாகத் தேய்ந்துவிட்டது. தம் கருத்தை ஒளிக்காமல் சொல்லி, அதற்காகவே கேட்கப்படுபவர் கருத்துரையாளர். நிகழ்ச்சியை நடத்துபவர் நெறியாளர். ஸ்கார்பரோ இரண்டும்தான், இரண்டையும் எழுதலாம். இந்தச் சொற்கள் எல்லாம் நம்மிடம் இருக்கும்போது மொழிபெயர்ப்புக் கருவி துப்பியதை அப்படியே ஒட்டிவிட்டுப் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அகராதியைத் திறக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆள் எந்தக் கட்சி, எந்த அவை, எந்தத் தொகுதி என்று பார்க்க இன்னொரு நிமிடம்.

தொகுதியைப் பார்ப்பதில் பயனும் உண்டு. ஸ்கார்பரோ நின்ற அதே புளோரிடா முதல் தொகுதியிலிருந்து 2017-இல் கீழவைக்குப் போனவர் மாட் கேட்ஸ். 2024 நவம்பரில் விலகினார், 2025-இல் அவரும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தப் போய்விட்டார். ஒருவர் டிரம்பின் கடும் எதிர்ப்பாளர், மற்றவர் தீவிர ஆதரவாளர். இருவருக்கும் ‘முன்னாள் காங்கிரஸ்காரர்’ என்று போட்டால் வாசகருக்கு எதுவும் புரியாது. ‘புளோரிடா முதல் தொகுதியின் முன்னாள் கீழவை உறுப்பினர், இப்போது தொலைக்காட்சி அரசியல் கருத்துரையாளர்’ என்று எழுதுங்கள், இருவருக்குமே பொருந்தும்.