உயிரியல் கட்டுப்பாடு: கட்டுப்படுத்துவது உயிரியலா, உயிரா?

கரும்பில் இடைக்கணுப் புழு விழுந்த வருஷம், "ஒட்டுண்ணி அட்டை வாங்கிக் கட்டுங்க" என்று யாரோ சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். புழுவை அடக்கும் குட்டிக் குளவிகள் வெளிவருகிற காகித அட்டை அது. வீட்டுக்கு வந்து ஒரே பொருமல். "மாட்டு மேல இருக்கற உண்ணியப் பிடுங்கியே மாளல, இதுல காசு குடுத்து காட்டுக்கும் உண்ணி விடணுமாம்!" எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்தால், அவர் காதில் தப்பில்லை, சொல்லில்தான் இருக்கிறது.

முதலில் பெரிய சொல். ஒரு பூச்சியையோ களையையோ, அதைப் பிடித்துத் தின்கிற, அதற்குள் வளர்கிற, அல்லது அதற்கு நோய் கொடுக்கிற இன்னோர் உயிரை வைத்து அடக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் பயாலஜிக்கல் கன்ட்ரோல் என்று பெயர். கலிஃபோர்னியாவின் பூச்சியியலாளர் ஹாரி ஸ்மித் 1919-ல் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. பெயர்தான் புதுசு. சீனாவில் ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முசுறு எறும்புக் கூடுகளை விலைக்கு வாங்கி மரத்தில் கட்டியிருக்கிறார்கள்.

தமிழில் பாடப்புத்தகம் முதல் வேளாண் கையேடு வரை 'உயிரியல் கட்டுப்பாடு'. இதில் பின்பாதி அருமையான சொல். ஒழிப்பு என்று சொல்லாமல் கட்டுப்பாடு என்று சொன்னதே சரி, ஏனென்றால் புழு அடியோடு ஒழிந்தால் அதை நம்பியிருக்கும் குளவியும் பட்டினியில் போய்விடும், கொஞ்சம் புழு இருந்துகொண்டேதான் இருக்கும். உறுத்துவது முன்பாதி. இயல் என்றால் படிப்பு, துறை. கரும்புக் காட்டில் புழுவை அடக்குவது உயிரியல் பாடமா என்ன? சிலர் 'உயிரிக் கட்டுப்பாடு' என்று சுருக்குகிறார்கள், அது உயிரிகளையே கட்டுப்படுத்துவது போலவும் ஒலிக்கிறது. என்னைக் கேட்டால் 'உயிர்வழிக் கட்டுப்பாடு' என்பேன். உயிரைக் கொண்டு, உயிர் வழியாக. ஆனால் ஊன்றிப்போன சொல்லைப் பிடுங்குவது லேசில்லை, பரீட்சை எழுதும் பிள்ளைகள் பழையதையே எழுதட்டும்.

சரி, ஒட்டுண்ணிக்கு வருவோம். ஒட்டு + உண்ணி: ஒட்டிக்கொண்டு உண்பது. பாராசைட் என்பதன் கிரேக்க வேர் இன்னும் சுவையானது, அடுத்தவர் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து தின்கிறவன் என்று பொருள். இரண்டு மொழியிலுமே ஆளைத் திட்டப் பயன்படுகிற சொல். உண்ணியும் பேனும் இதற்குச் சரியான உதாரணம், இரத்தம் குடிக்கும், மாட்டைச் சாகவிடாது. ஆனால் அட்டையில் வரும் குளவி அப்படியில்லை. தாய் இன்னோர் உயிருக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வளரும், இடம் கொடுத்தது செத்தே தீரும். இந்த வேறுபாட்டுக்காகத்தான் ராய்ட்டர் என்ற ஃபின்லாந்துப் பூச்சியியலாளர் 1913-ல் பாராசிட்டாய்டு என்று தனிச்சொல் உண்டாக்கினார். தமிழில் இரண்டுக்கும் ஒட்டுண்ணிதான். கொல்களிறு என்பதுபோல 'கொல்லொட்டுண்ணி' என்று ஒன்று செய்து பார்த்தேன், வாயில் நுழையவில்லை. 'ஒட்டுண்ணிக் குளவி' போதும், குளவி என்று சேர்த்தாலே மாட்டு உண்ணி மறைந்துவிடுகிறது.

அந்த அட்டையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். மிளகை அரைத்துத் தூவி ஒட்டியதுபோல, கறுப்புக் கறுப்பாகப் பொடி. அத்தனையும் நெல் அந்துப்பூச்சியின் முட்டை, உள்ளே டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு வளர்வதால் கறுத்துப்போனவை. அதைத் துண்டு துண்டாக வெட்டி, வெயில் படாமல் கரும்புச் சோகையின் அடிப்பக்கம் குத்திவிட வேண்டும். வெளியே வரும் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, புழுவின் முட்டையைத் தேடிப்போய் அதற்குள் தன் முட்டையை வைக்கும். அந்த வாரம் மருந்து அடித்தால் செலவும் போச்சு, குளவியும் போச்சு.

இது வளர்த்து வளர்த்து விடுகிற முறை. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சிக்குக் கதை வேறு. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோப் பக்கத்துச் சரக்கு, தன் எதிரியை அங்கேயே விட்டுவிட்டு இங்கே பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றிலும் பஞ்சு போல அப்பிக்கொண்டது. 2010-ல் அந்த எதிரியை, அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியை, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் சோதித்து, தமிழ்நாட்டில் விட்டார்கள். பிறகு அது தானாகவே பரவிக்கொண்டது. எதையும் தின்னும் ஆளைக் கொண்டுவந்தால் வம்பு: ஆஸ்திரேலியா 1935-ல் கரும்பு வண்டுக்காக இறக்கிய தேரை, வண்டை விட்டுவிட்டு நாட்டையே பிடித்துக்கொண்டது.

களைக்கும் இதே வழிதான். 1795-ல் சிவப்புச் சாயத்துக்காகப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த பூச்சி சாயத்துக்கு உதவாத வேறு இனமாகப் போய்விட்டது, ஆனால் ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. 1926-ல் இலங்கையிலிருந்து அதன் உறவுக்காரப் பூச்சி ஒன்றைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், பரந்து கிடந்த சப்பாத்திக்கள்ளிப் புதர்கள் சில ஆண்டுகளில் படுத்துவிட்டன.

இலங்கை என்றதும் ஒன்று. அங்கே பயிரை அழிக்கும் பூச்சிக்குப் பீடை என்பார்கள், மருந்துக்குப் பீடைநாசினி. இங்கே பீடை என்றால் வசவு. ஆனால் ஆங்கிலப் பெஸ்ட் என்ற சொல்லுக்கும் முதலில் கொள்ளைநோய் என்றுதான் பொருள், ஆக அவர்கள் சொல்தான் மூலத்துக்குப் பக்கம். இரையைப் பிடித்துத் தின்பதை நாம் இரைவிழுங்கி என்கிறோம், அவர்கள் இரைகௌவி. பொறிவண்டு மாவுப்பூச்சியைக் கவ்வுவதைப் பார்த்தவர்கள் இரைகௌவிக்கே ஓட்டுப் போடுவார்கள்.

சித்தப்பா அட்டை கட்டத் தொடங்கி நாலைந்து வருஷம் ஆகிறது. ஒட்டுண்ணி என்று மட்டும் சொல்ல மாட்டார். 'குளவி அட்டை' என்கிறார், ஊரிலும் இப்போது அதுதான் பெயர்.