பேண்தகவு: ‘நிலைத்தன்மை’ செய்யும் குழப்பம்

கனடாவிலிருந்து வந்த அக்கா குடும்பத்தை ஏற்றிவர அண்மையில் ஒரு விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். கிளிநொச்சியில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெளிக்கிட்டு, விடியப்புறம் போய்ச் சேர்ந்தோம். விமானம் தாமதம். பெரியப்பாவும் கூட வந்திருந்தார். பல வருடம் வட்டவிதானையாக, அதாவது குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பவராக, இருந்தவர். கண்ணில் படும் எழுத்தை எல்லாம் வாய்விட்டு வாசிப்பது அவருடைய பழக்கம்.

வருகைக் கூடத்துத் தூண் ஒன்றில் பச்சை இலையும் விமானமும் வரைந்து, மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பதாகை தொங்கியது. தமிழில் இப்படி இருந்தது: “விமான நிலையங்களில் நிலைத்தன்மை பற்றிய விழிப்புணர்வை உயர்த்துதல்.” பெரியப்பா இரண்டு தரம் வாசித்தார். பிறகு கூரையையும் தூணையும் பார்த்தார்.

“தம்பி, இந்தக் கட்டடம் தாண்டு போகுதோ? நிலைத்தன்மை எண்டு போட்டுக் கிடக்கு.”

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. குளக்கட்டில் வாழ்நாளைக் கழித்த மனிதர் அவர். கட்டின் நிலைத்தன்மை என்றால் என்னவென்று எந்தப் பொறியியலாளரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கட்டில் கசிவு வந்தால் நிலைத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். அந்தச் சொல்லை அவர் சரியாகத்தான் வாசித்தார். பிழை எழுதியவர்களுடையது.

தண்ணீர், மின்சாரம், எண்ணெய், நிலம் எல்லாவற்றையும் பின்னுக்கு வருகிறவர்களுக்கும் மிஞ்சும்படி அளவறிந்து பாவிப்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். “அப்ப அதையே எழுதலாம்தானே” என்றார். கமக்காரர் கூட்டங்களுக்கும் திட்ட அலுவலகங்களுக்கும் மொழிபெயர்த்துக் கொடுப்பதே என் தொழில். இந்தச் சொல்லோடு நான் இழுபடத் தொடங்கியும் நெடுங்காலம். ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மூலச் சொல். ஆங்கிலத்தில் சஸ்டெயினபிலிட்டி. இலத்தீனில் ‘கீழிருந்து தாங்கிப் பிடி’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. ஆனால் இன்றைய கருத்தின் ஊற்று ஜெர்மன் மொழியில் இருக்கிறது. 1713 இல் சாக்சனியில் சுரங்க நிர்வாகத்தில் இருந்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெள்ளி உருக்குவதற்கு மரம் வெட்டி வெட்டிக் காடு அழிந்துகொண்டிருந்த காலம் அது. வளருகிற அளவுக்கு மட்டும் வெட்டு என்பதே அவர் சொன்னதன் சாரம். 1987 இல் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த புருண்ட்லாந்து ஆணைக்குழுவின் அறிக்கை அதை உலகத்துக்கே பொதுவாக்கியது: இன்றைய தேவையை நிறைவேற்று, வருங்காலத் தலைமுறை தன் தேவையை நிறைவேற்றும் ஆற்றலைக் கெடுக்காதே. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபையின் 17 அபிவிருத்தி இலக்குகள் வந்தபின் எந்த அலுவலகச் சுவரைப் பார்த்தாலும் இந்தச் சொல்தான். வரலாறு இவ்வளவு போதும்.

இதில் எங்கேயாவது ஒரு பொருள் ஆடாமல் அசையாமல் நிற்கிறது என்ற கருத்து இருக்கிறதா? இல்லை. ஒருவர் எடுக்கிறார், அளவோடு எடுக்கிறார், அடுத்தவருக்கு விடுகிறார். முழுக்க முழுக்க ஆள் செய்கிற வேலை. ‘நிலைத்தன்மை’ அந்த ஆளையே காணாமல் ஆக்கிவிடுகிறது. ஏதோ கல்லைப் போல ஒரு பொருள் தானாக நிற்பதாகச் சொல்கிறது.

எங்கள் நாட்டுப் பேச்சில் ‘நிலையான’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. வங்கியில் நிலையான வைப்பு உண்டு. வீட்டில் நிலையான தொலைபேசி இருந்தது. இரண்டிலும் அசையாதது, மாறாதது என்றுதான் பொருள். முன்பு ஒரு திட்டத்துக்காக முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போனேன். ஆவணத்தில் ‘நிலையான விவசாயம்’ என்று இருந்தது. வயதான கமக்காரர் ஒருவர் எழும்பி, “நாங்கள் இப்ப சேனை வெட்டுறதில்லையே, ஒரே காணிக்குள்ளதானே செய்யிறம்” என்றார். காட்டை வெட்டி இரண்டு மூன்று வருடம் விதைத்துவிட்டு இடம் மாறுவது சேனை. அதற்கு எதிர்ச்சொல்லாக அவர் விளங்கிக்கொண்டது முற்றிலும் சரி. நச்சு மருந்தைக் குறைப்பது, மண்ணின் உயிரைக் காப்பது பற்றிப் பேச வந்த அதிகாரி திகைத்துப்போனார். அரை மணித்தியாலம் சொல்லைத் திருத்துவதிலேயே போனது.

இனி விமானத் துறைக்கு வருவோம். அங்கே நிலைமை இன்னும் மோசம். விமானப் பொறியியலில் நிலைத்தன்மை என்பது ஒரு கலைச்சொல். காற்றில் குலுங்கிய விமானம் தானாகத் தன் சமநிலைக்குத் திரும்பும் பண்பு அது. சொல்லுக்கும் பொருளுக்கும் அங்கே எந்தச் சண்டையும் இல்லை. அந்தச் சொல்லைப் பிடுங்கி, அதே விமான நிலையத்தில், குப்பையும் மின்சாரமும் பற்றிய பதாகையில் ஒட்டினால் படிக்கிறவர் எதை நினைப்பார்? ‘விமானங்களின் நிலைத்தன்மையை மேம்படுத்துவோம்’ என்று எழுதினால் ஏறப் போகிறவருக்கு நெஞ்சு திக்கென்று இருக்காதா? போதாததற்கு விமான நிலையம் என்பதிலேயே ஒரு ‘நிலை’ இருக்கிறது. விமான நிலைய நிலைத்தன்மை நிலைகுறித்து என்று ஒரு அறிக்கையில் கண்ணாலே கண்டேன். வாயில் வைத்துச் சொல்லிப் பார்த்திருந்தால் அதை எழுதியவர் அப்போதே அழித்திருப்பார்.

இலத்தீன் மூலத்தை அப்படியே பிடித்துத் ‘தாங்குதிறன்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் இங்கே உதவாது. ஓடுபாதை எவ்வளவு எடையுள்ள விமானத்தைத் தாங்கும் என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. தாங்குதிறன் அதற்கு உரிய சொல். வயலிலோ வறட்சி தாங்கும் நெல், வெள்ளம் தாங்கும் நெல் என்று அது வேறு இடத்தில் வேரூன்றிவிட்டது.

மத்தளையை நினைத்துப் பாருங்கள். 2013 இல் தெற்கில் காட்டைத் துப்புரவாக்கித் திறந்த சர்வதேச விமான நிலையம். கட்டடம் உறுதியானது, ஓடுபாதை நீளமானது. வந்து போகும் விமானங்களைத்தான் காணவில்லை. யானையும் பறவையும் பெரும் பிரச்சினையாயின. 2015 இல் அதன் சரக்குக் களஞ்சியத்தில் நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். நிலைத்தன்மை என்ற சொல்லின்படி மத்தளைக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம், ஏனென்றால் அது இன்னும் நிலைத்து நிற்கிறது. சொல்ல வந்த கருத்துக்கு நேர் எதிரான ஒன்றுக்கும் பொருந்துகிற சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் யாருக்கு என்ன விளக்க முடியும்?

சரி, மாற்று என்ன? தமிழ்நாட்டில் ‘வளங்குன்றா’ என்று எழுதுகிறார்கள். தெளிவான, நல்ல சொல். ஒரு குறை உண்டு: வளம் என்றதும் மண், நீர், காடு என்று மனம் போய்விடும். ஓடுபாதைக்கு அருகில் குடியிருக்கிறவர் கேட்கும் இரைச்சலும் தொழிலாளியின் வேலை நிலைமையும் அதற்குள் அடங்கவில்லை. அரச ஆவணங்களில் ‘நிலைபேறான அபிவிருத்தி’ பரவலாக இருக்கிறது. பேறு என்பது பெறுவது. நிலைத்திருத்தலைப் பெறுதல், அதாவது நிரந்தரம். பக்தி நூலில் வந்தால் அழகாக இருக்கும். ஆனால் குளமும் காடும் யாருக்கும் நிரந்தரமாக வாய்த்த பேறு அல்ல. சிங்களத்தில் ‘திரசார’ என்கிறார்கள். அதிலும் ‘திர’ உறுதியைத்தான் குறிக்கிறது. அந்த மொழி தன் வழியில் போகட்டும். நாங்கள் அதன் தடத்திலேயே கால் வைக்க வேண்டியதில்லை.

பாடப்புத்தகங்களில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் ‘பேண்தகு அபிவிருத்தி’ இவை எல்லாவற்றிலும் மேல். பேண் என்பது கவனித்துக் காப்பது, போற்றி வைத்திருப்பது. உடலைப் பேணு, முதியோரைப் பேணு என்று இன்றும் உயிரோடு இருக்கும் வினை. பேணுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளை இந்தச் சொல் மறைக்கவில்லை. பேணத்தக்க என்றுதான் வர வேண்டும், பேண்தகு இலக்கணப் பிழை என்று சிலர் வாதாடுகிறார்கள். காண்தகு என்று பழைய செய்யுளில் வருகிற அமைப்புத்தானே இதுவும்.

பெயர்ச்சொல்லாக்கும்போது பேண்தகைமை என்று சிலர் எழுதுகிறார்கள். இலங்கையில் தகைமை என்றால் கல்வித் தகைமை, விண்ணப்பத்தில் நிரப்புவது. அதனால் நான் பேண்தகவு என்று எழுதுகிறேன். தகவு திருக்குறளில் இருக்கும் சொல். “தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்” என்பது 114 ஆவது குறள். ஒருவர் தகுதியானவரா என்பதை அவர் விட்டுச் செல்வதை வைத்து அறியலாம் என்கிறது. எச்சம் என்பதற்கு மக்கள் என்றும் புகழ் என்றும் உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். நான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டதற்கு அந்தக் குறளும் ஒரு காரணம்.

வன்னியில் பேண்தகவை விளக்குவதற்குப் பதாகையே வேண்டாம். மாரி முடிந்ததும் சிறுபோகக் கூட்டம் கூடும். கிளிநொச்சியின் இரணைமடு 36 அடிவரை தண்ணீர் கொள்ளும் குளம். அந்த வருடம் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். அந்த அளவுக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு, வாய்க்கால் துப்புரவு எப்போது, துருசு (குளத்து மதகு) திறப்பது எப்போது என்று பேசி முடிவெடுப்பார்கள். பங்குக்கு மேல் விதைத்தால் கடைசி வாய்க்கால்காரனின் பயிர் கருகும். பெரியப்பா இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தார், பெயர் மட்டும் தெரியாது.

விமான நிலையம் செய்ய வேண்டியதும் இதே கணக்குத்தான். ஐரோப்பிய விமான நிலையங்கள் 2009 இல் தொடங்கிய காபன் தரச்சான்றுத் திட்டத்தின் முதற்படி, எவ்வளவு புகை விடுகிறோம் என்று அளப்பது. அளந்த பிறகுதான் குறைப்பது வரும். குளத்தில் அடி பார்ப்பது மாதிரி. தரித்து நிற்கும் விமானம் தன் வாலில் உள்ள சிறு எஞ்சினை ஓட்டி எண்ணெய் எரிக்காமல், நிலையத்து மின்சாரத்தில் கொழுவிக்கொள்வது ஒரு வழி. ஸ்டொக்ஹோம் ஆர்லாண்டாவில் நிலத்தடி நீரை வைத்துக் கோடையில் குளிரூட்டி, குளிர்காலத்தில் சூடாக்குகிறார்கள். பக்கத்தில் கொச்சி விமான நிலையம் 2015 இல் முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறியது. அந்தச் சோலர் தகடுகளுக்கு இடையில் காய்கறியும் வைக்கிறார்கள். இதைக் கேட்டதும் பெரியப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. என்ன காய்கறி, தண்ணீர் எங்கே என்று துருவித் துருவிக் கேட்டார். ‘விழிப்புணர்வு’ வந்தது அப்போதுதான்.

அந்தச் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விழிப்புணர்வை உயர்த்துவது என்று தமிழில் யார் பேசுகிறார்? உயர்த்துவதற்கு அது குளத்தின் வான் கதவா? விழிப்பூட்டல் என்று ஒற்றைச் சொல் இருக்கிறது. அதுவும் கனமென்றால் ‘அறியத் தருகிறோம்’ என்று எழுதலாம், எங்கள் கடிதங்களில் எப்போதும் வருவதுதான். மொழிபெயர்க்கிறவர்கள் ஆங்கில வரியின் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு தமிழ்ச் சொல்லை வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இப்போது கணினியே அதைச் செய்து கொடுக்கிறது, ‘நிலைத்தன்மை’யைத்தான் முதலில் நீட்டுகிறது. அதை வாங்கி அப்படியே அச்சுக்கு அனுப்புகிறவர் ஒரு தரமாவது, ஒரே ஒரு ஆளிடமாவது வாசித்துக் காட்டியிருக்கலாம். மூன்று மொழி நாட்டில் தமிழ் வரியும் வாசிக்கப்படுவதற்குத்தான் எழுதப்படுகிறது.

அந்தப் பதாகையை என்னிடம் தந்திருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: “பேண்தகு விமான நிலையம்: தண்ணீரையும் மின்சாரத்தையும் அளவோடு பாவிப்போம், அடுத்தவருக்கும் மிச்சம் வைப்போம்.” கலைச்சொல் ஒரு தரம், விளக்கம் பக்கத்திலேயே. கற்பதற்கும் வாய்ப்பு, விளங்குவதற்கும் வழி.

ஒரே ஒரு இடத்தில் பேண்தகு எனக்கு இடறுகிறது. பாவித்த சமையல் எண்ணெய், கொழுப்பு, பயிர்க் கழிவு போன்றவற்றிலிருந்து எடுக்கும் விமான எரிபொருளை ‘நிலையான விமான எரிபொருள்’ என்று செய்திகளில் எழுதுகிறார்கள். கெட்டுப்போகாத எண்ணெய் என்றுதான் எவரும் நினைப்பார். ‘பேண்தகு எரிபொருள்’ என்றால், எரிக்காமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய எண்ணெய் என்று தொனிக்கிறது. ஆகவே இப்போதைக்கு என் வரைவுகளில் ‘கழிவிலிருந்து எடுத்த விமான எரிபொருள்’ என்று நீட்டியே எழுதுகிறேன். பெரியப்பாவிடமும் கேட்டிருக்கிறேன், ஒரு சொல் யோசித்துச் சொல்லும்படி.